பாக்குவெட்டியில் தூக்க மாத்திரை

ஸ்ரீபெரும்புதூர் போகும் ஷேர் ஆட்டோவில் என் எதிரே அறுபது தாண்டிய இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்க வூட்டுக்காரரு தூக்க மாத்திரைய பாக்குவெட்டில வெட்றாருக்கா.”

“இன்னாத்துக்கு?”

“பத்து வருசமா முழுசா போட்டுக்கினு இருந்தாரு. பொங்கலப்போ தலை சுத்தி வுழுந்துட்டாரு. ஒரேடியா நிறுத்தாம பாதி, அப்பால கால்னு கொறைக்கச் சொன்னாரு டாக்டரு.”

“தூக்கம் வருதா?”

“மொதல்ல ராத்திரி ஷிப்டுக்கு ரோட்டுல போற ஒவ்வொரு கம்பெனி பஸ்ஸையும் எண்ணிக்கினு முழிச்சிக் கெடந்தாரு. நேத்து காலையில பாத்தா, வெட்டி வெச்ச கால் துண்டு அப்படியே கீது. போட மறந்து தூங்கிட்டாரு.”

“அவராண்ட சொன்னியா?”

“சொல்லுவனா? துண்ட தூக்கிப் போட்டுட்டேன். கால் மாத்திரைக்கே நல்லா தூக்கம் வருதுன்னு டீக்கடைல சொல்லிக்கினு கீறாரு.”