ஏலக்காரனுக்கு ‘ஸ’ சொல்லிக்கொடுத்த டீச்சர்

அவைக்கு அழகு சேர்த்து நடுநாயகமாய் அமர்ந்திருக்கும் இசைச் சங்கத் தலைவர் அவர்களே! கேட்டுக் கேட்டே காது கனிந்த பெரியோர்களே! பிள்ளைகளின் பாட்டைப் பொறுத்துப் பொறுத்தே பூமியாகிவிட்ட தாய்மார்களே! முன்வரிசையில், நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் எங்கள் குரலாசிரியை அவர்களே! அனைவருக்கும் என் அடிவயிற்றிலிருந்து எழும் வணக்கம். தொண்டையிலிருந்து எழுந்தால் டீச்சர் திட்டுவார்கள்.

நான் யார்? பாடகனா? இல்லை. பண்டிதனா? இல்லவே இல்லை! காய்கறி மொத்தச் சந்தையில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஏலம் கூறியவன். நான் “ஒரு தரம்!” என்றால் நாலாவது தெருவில் நாய் எழுந்து உட்காரும். அப்படிப்பட்டவன் ஒரு நாள் காலை, “ரெண்டு தரம்” சொல்லி, “மூணு” என்று வாயைத் திறக்கிறேன். காற்று வருகிறது; குரல் வரவில்லை! மூணு தரம் சொல்லாததால் ஏலம் முடியவில்லை என்று ஒருவர். முடிந்தது என்று மற்றொருவர். இருவரும் சட்டையைப் பிடித்துக்கொள்ள, நடுவில் நசுங்கியது தக்காளி.

மருத்துவர் பார்த்தார். “குரல் நாண்ல காய்ப்பு விழுந்திருக்கு” என்றார். ஊருக்கெல்லாம் காய் விற்றவனுக்குத் தொண்டையிலேயே காய்த்துவிட்டது! ஒரு மாதம் மௌனம். பிறகு குரல் பயிற்சி என்று உத்தரவு. எதிர்வீட்டுக்காரர் பழம் வாங்கி வந்து, “எத்தனை நாளைக்கு இப்படியே இருக்கும்?” என்று கேட்டார். கவலை என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் ஆசை!

மருத்துவர் அனுப்பிய இடம், அச்சகத்துக்கு மேலே மூன்றாம் மாடியில் ஓர் அறை. ஒரு சுருதிப்பெட்டி, ஒரு கண்ணாடி, ஒரு டீச்சர். அப்போது டீச்சரை இதே சங்கத்தின் பள்ளியிலிருந்து நீக்கியிருந்தார்கள். என்ன குற்றம்? ஆண்டு விழா வந்தும் மாணவர்களுக்கு ஒரு பாட்டுகூடச் சொல்லித்தரவில்லை. “ஒரு வருஷமா என் பொண்ணு ‘ஸ’வைத் தாண்டலையே” என்று ஒரு தந்தை கேட்க, டீச்சர் சொன்ன பதில்: “தாண்டுறதுக்கு அது என்ன சாக்கடையா? அதுல நிக்கத் தெரியணுங்க.”

கைதட்டுகிறீர்கள். அன்று யாரும் தட்டவில்லை, ஐயா! கதவைத்தான் சாத்தினார்கள்.

எனக்கு முதல் பாடம். “ஸ சொல்லுங்க” என்றார்கள். சொன்னேன். சன்னலில் இருந்த புறாக்கள் பறந்தன. கீழே அச்சு இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஆள் மேலே ஓடி வந்தார். டீச்சர் அசையவில்லை. “ஏலம் முடிஞ்சுதா? சரி, இப்பப் பாடுங்க.”

“டீச்சர், எனக்குக் குரல் இருக்கா?”

“ஊருக்கே பங்கு வைக்கிற அளவுக்கு இருக்கு. மூச்சுதான் இல்ல.”

மூன்று மாதம் மூச்சு. வாய்க்கு முன்னால் ஒரு காகிதத்தைப் பிடிப்பார்கள். அது ஆடாமல் பாட வேண்டும். என் காகிதம் ஆடவில்லை, பறந்தது! மெல்ல மெல்லத்தான் அடங்கியது.

குரல் தேறிச் சந்தைக்குத் திரும்பினேன். பத்துப் பேர் கத்தும் இடத்தில் என் பக்குவப்பட்ட குரலை யார் கேட்பார்கள்? மண்டி முதலாளி கூப்பிட்டார். “உன்மேல கோவம் இல்லப்பா. ஆனா காதுல விழலையே. இந்த வாரம் பார்ப்பேன், அப்புறம் வேற ஆளத்தான் தேடணும்.” கத்தினால் தொண்டை போகும். கத்தாவிட்டால் வேலை போகும்!

டீச்சரிடம் சொன்னேன். மறுநாள் காலை, சேற்றையும் சருகையும் மிதித்துக்கொண்டு சந்தைக்கே வந்துவிட்டார்கள்! அந்த இரைச்சலில் கண்ணை மூடி நின்றார்கள். மயக்கம் என்று நினைத்து ஒருவர் சோடா வாங்க ஓடினார். கண்ணைத் திறந்து, “எல்லாரும் உச்சியில ஏறி நின்னு கத்துறாங்க. அங்க நிக்க இடமே இல்ல. கீழ காலியா கிடக்கு. இறங்கி வாங்க” என்றார்கள்.

இறங்கினேன், பெரியோர்களே! கத்தினேனா? இல்லை. கதறினேனா? இல்லை. கரகரத்தேனா? அதுவும் இல்லை! கிணற்று நீர்போல் குளிர்ந்த கீழ்க்குரலில், “ஒரு தரம்” என்றேன். முன்னே நின்றவர் திரும்பினார். மூட்டை சுமந்தவர் நின்றார். “யாருப்பா செத்துட்டாங்க?” என்று உருளைக்கிழங்கு வியாபாரி பதறி ஓடி வந்தார். வந்தவர் விலையும் கேட்டார்! மூணு தரம் முடிவதற்குள் வெங்காயம் முழுவதும் விற்றுப்போனது. முதலாளி வேறு ஆள் தேடவில்லை.

பிறகு நடத்துநர், வகுப்பாசிரியர், வழக்கறிஞர் என்று குரல் உடைந்தவர்களால் அந்த மாடிப்படி நிறைந்தது. போன ஆண்டு, கழுத்தில் கம்பளித்துணி சுற்றி, முகத்தை மூடிக்கொண்டு ஒருவர் வந்தார். சொல்லட்டுமா, தலைவரே? தலையாட்டிவிட்டார்! ஆம், செயற்குழுவில் கத்திக் கத்திக் குரல் இழந்த நம் தலைவர்தான். நீக்கல் கடிதத்தில் கையெழுத்திட்ட அதே கைதான். டீச்சர் பழங்கதை பேசினார்களா? பழி வாங்கினார்களா? “உட்காருங்க. ஸ சொல்லுங்க” என்றார்கள். அவ்வளவுதான்!

பதினொரு மாதம் கழித்துப் பொதுக்குழுவில் தலைவர் எழுந்தார். “எனக்கு இன்னும் ஸ சரியா வரல. பிள்ளைங்களுக்கு ஒரு வருஷம் பத்தலைன்னு டீச்சர அனுப்பினேனே, தப்புங்க” என்று சொல்லி, அவர்களைத் திரும்ப அழைக்கத் தீர்மானமும் கொண்டுவந்தார். அந்தத் தீர்மானத்தால்தான் இன்று டீச்சர் இப்பள்ளியின் தலைமையாசிரியை! ஒரே நிபந்தனை விதித்திருக்கிறார்கள்: இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டு விழா கிடையாது. தாய்மார்களே, பெருமூச்சு விடாதீர்கள். விட்டாலும் வயிற்றிலிருந்து விடுங்கள்.

திங்கட்கிழமை வகுப்பு தொடக்கம். முதல் பெயர் கொடுத்திருப்பவர் என் மனைவி. “உனக்கெதுக்கும்மா?” என்றேன்.

“வீட்ல நானும் ஒரு வார்த்தை பேசணும்ல?” என்றார்.

பேசட்டும், நான் கேட்கிறேன். இதுவரை என்னைக் கேட்டுக்கொண்டிருந்த உங்கள் செவிகளுக்கு நன்றி கூறி, டீச்சரை வணங்கி, இந்த மேடையை விட்டு இறங்குகிறேன். வணக்கம்!