ஒதுக்கி வைத்த தாள்

மழைக்காலத்தில் காகிதம் ஈரம் இழுக்கும். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போய் அச்சு இயந்திரத்தின் வாயில் சிக்கும். மாத்தளையில் இந்த வேலை பார்க்கிற எல்லாருக்கும் உள்ள தொல்லைதான். அதனால், ஐயா, தாள் சிக்குவதைப் பற்றி நான் நிறைய யோசித்தவன்.

அலுவிகாரைக்குப் பக்கத்தில் பலீல் ஹாஜியாரின் கம்பனி. மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி ஏற்றுமதி. என் வாப்பா அங்கே மூட்டை சுமந்தவர். அவருடைய பிடரியில் வண்டி மாட்டுக்கு இருப்பதுபோல ஒரு தடிப்பு இருந்தது. நானும் சுமந்தேன். பிறகு கம்பியூட்டர் படித்து, கிடங்கிலிருந்து மின்விசிறி உள்ள அறைக்கு ஏறினேன். ஹாஜியார் கேட்டது ஒன்றுதான்.

"பில்லு, லொறிச் சீட்டு, கடிதம் எல்லாத்தையும் ஒரே தட்டுல அடிக்க ஏலுமா ஜைனுதீன்?"

ஏலும் என்றேன். பிரவுசரைத் திறந்து, வேண்டியதைத் தெரிவு செய்து, ஒரு பொத்தானை அழுத்தினால் கட்டுக்கட்டாக வந்து விழும். மாதம் பிறந்தால் ஊழியர்களின் வேலை உறுதிக் கடிதங்களும் அதே கட்டில் வரும். அது 2008, போர் நடந்துகொண்டிருந்த காலம். சோதனைச் சாவடியில் வடக்கிலிருந்து வந்தவருக்கு அடையாள அட்டை மட்டும் போதாது. அந்த மாதத்துக் கடிதமும் கேட்பார்கள்.

கணக்காளர் தியாகராஜாவின் மேசை என் மேசையோடு ஒட்டியது. அவர் ஒருவருக்குத்தான் இரண்டு முகவரி. சாவகச்சேரியில் சொந்த வீடு, மாத்தளையில் வாடகை அறை. இரண்டும் கடிதத்தில் இருக்க வேண்டும். நான் வடிவமைத்த கடிதத்தில் ஒரு முகவரிக்குத்தான் இடம். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இரண்டு முகவரி இருந்ததில்லை, அதனால் தோன்றவில்லை. அவருடைய பெயர் வந்ததும் முழுக் கட்டும் நின்றுவிடும். பின்னால் உள்ள லொறிச் சீட்டுகளும் நிற்கும். வெளியே லொறிகள் ஹோர்ன் அடிக்கும்.

கிடங்கில் ஒரு பழக்கம் உண்டு. பூஞ்சணம் பிடித்த மூட்டை வந்தால் யாரும் நின்று அவிழ்த்துப் பார்ப்பதில்லை. காலால் ஒதுக்கிவிட்டு அடுத்ததைத் தோளில் ஏற்றுவோம். அதையே அமைப்பிலும் எழுதினேன். ஓடாத தாளை ஒதுக்கு, மிச்சத்தை அடி. ஒதுக்கியதைத் தெரிவிக்கும்படி எழுதவில்லை. திரையில் 'முடிந்தது' என்று மட்டும் வரும். ஹாஜியாருக்கு அது பிடித்துப்போனது.

"இனி ஒருக்கா நிண்டுச்சோ, நீ பழையபடி மூட்டைக்குத்தான்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

தியாகராஜாவின் கடிதத்தை மாதாமாதம் தனியாக, யாரும் பார்க்காத நேரத்தில் அடித்துக் கொடுத்தேன்.

"என்ன தம்பி, என்னைக் கண்டால் உன்ர மெசினுக்கு விக்கல் வருதோ? நான் என்ன அவ்வளவு பாரமே?"

"பாரமில்ல சேர். நீளம்."

நல்ல மனிதர். தனக்குத் தேத்தண்ணீர் ஊற்றினால் எனக்கும் ஒரு கோப்பை வைப்பார்.

ஒரு மாதம் அவருடைய மனைவி சந்திரவதனா பிள்ளைப்பேற்றுக்காகக் கொழும்பில் இருந்தார். அவரைப் பார்க்கப் புறப்பட்ட தியாகராஜா பையோடு வந்து கடிதம் கேட்டபோது, ஹாஜியார் வெளியூர் வியாபாரிகள் சிலரைக் கூட்டிவந்து என் அமைப்பைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் முன்னால் எப்படித் தனியாக அடிப்பது, அமைப்பு ஒரு தாளை ஒதுக்குவது தெரிந்துவிடாதா?

"எல்லாம் கட்டோட அடிச்சாச்சு சேர். ஃபைலுக்குள்ள எங்கயோ ஈக்கிது. தேட நேரமில்ல, நீங்க போங்க. யாரும் கேட்டா இங்க போன் பண்ணச் சொல்லுங்க."

"நீ இருக்கிறாய்தானே" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

போன் வந்தது. வியாபாரிகள் அடுத்த அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாவடியிலிருந்து ஒருவர் சிங்களத்தில் கேட்டார். தியாகராஜா என்று ஒருவர் உங்களிடம் வேலை செய்கிறாரா, செய்தால் கடிதத்தை இப்போதே ஃபெக்ஸில் அனுப்பு. ஃபெக்ஸ் இருந்தது ஹாஜியாரின் அறையில், சாப்பாட்டுக்கு நடுவில். போனில் பேசியவருக்குப் பின்னால் தியாகராஜாவின் குரல் கேட்டது.

"ஜைனுதீன் தம்பியிட்டக் கேளுங்கோ. அவனுக்கு என்னைத் தெரியும்."

திரையில் அந்த மாதம் அடித்த கடிதங்களின் பெயர்களைப் பார்த்தேன். அவருடையது இல்லை. அவர் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போன கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று சிங்களத்தில் சொன்னேன்.

ஹாஜியார் வாசலில் எட்டிப் பார்த்தார். "யாரு?"

"ரோங் நம்பர் ஹாஜியார்."

தியாகராஜா கொழும்புக்குப் போய்ச் சேரவில்லை. ஹாஜியார் பல இடங்களில் விசாரித்தார். நானும் கூடப் போனேன். எங்கும், அப்படி ஒருவரைப் பிடிக்கவில்லை என்றார்கள். நான் சொன்ன அதே சொற்கள்தான். என்ன சொல்வது என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

அந்த வாரமே பிழையைத் திருத்தினேன். முகவரிக்கு இன்னொரு வரி, அவ்வளவுதான். சாப்பிடுகிற நேரம்கூட ஆகவில்லை. அவருடைய பெயரை நான் நீக்கவில்லை. கடிதம் இப்போது மாதாமாதம் தடங்கலில்லாமல் விழுகிறது. சந்திரவதனா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அதை வாங்கிப்போய் முகாம் முகாமாகக் காட்டுகிறார்.

"நீங்கள் ஒராள்தான் தம்பி அவரை மறக்கேல்லை" என்றார் போன மாதம்.

காணாமல்போனவர்களைப் பற்றி விசாரிக்க வந்த நீங்கள் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதால் சொன்னேன், ஐயா. போனில் இல்லை என்று சொன்னது நான்தான், அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: அன்றைக்குப் பிறகு என் அமைப்பு ஒருவரையும் ஒதுக்கியதில்லை.