பங்குக்காரி

ஜேர்மனியின் வுப்பர்டால் தொங்கு ரயிலில் முன் இருக்கையில் இருந்த அக்கா, "கொம்பனி முறிஞ்சாலும் என்ரை பங்கை விக்கமாட்டன்" என்றபோதுதான் காது கொடுத்தேன். கரண்ட் விற்கத் தொடங்கிய புதுக் கொம்பனியாம். அங்கேதான் அவருக்குத் துப்புரவு வேலை; வேலையாட்களுக்கும் கொஞ்சம் பங்கு கொடுத்திருந்தார்களாம்.

பக்கத்தில் இருந்த இளைஞர் விடவில்லை.

"வங்குரோத்து எண்டால் கடன் குடுத்தவை, வேலைசெய்தவை எல்லாருக்கும் பிறகுதான் பங்குக்காரர், அக்கா. ஒண்டும் மிஞ்சாது."

"தெரியும். விசா அலுவலகத்திலை கடைசி ஆளாய் நிண்டு பழகினனான்."

"இப்ப வித்தால் கொஞ்சமாவது வருமெல்லே?"

"வித்தால் பங்குக்காரர் கூட்டத்துக்கு விடமாட்டினம். எனக்கும் கடிதம் வந்திருக்கு. செவ்வாய்க்கிழமை லீவு போட்டிட்டன்."

"போய் என்ன கேக்கப்போறியள்?"

"போன மாதம் எல்லாம் நல்லாப் போகுது எண்டு கேக் வெட்டினவை. அந்தக் குப்பையை அள்ளினது நான். ஏன் பொய் சொன்னனீங்கள் எண்டு கேப்பன்."

"அவ்வளவு பேருக்கு முன்னாலை டொச்சுப் பாசையிலை கதைக்க ஏலுமே?"

"ஏலாட்டிலும் எழும்பி நிப்பன். கூட்டம் வைக்கிறது நாலு வருசமாய் நான் கழுவுற மண்டபத்திலை, தம்பி. அந்தக் கதவாலை ஒருக்காவாவது வாளி இல்லாமல் உள்ளுக்குப் போகவேணும்."