தலைப்பிரசவம் நாகூரில்

எழுபதுகளில் ஒரு குடியரசு தினத்தன்று நாகூரிலிருந்து காரைக்காலுக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன்சீட்டில் திருமலைராயன்பட்டினத்து மீன்காரி ஒருத்தி காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் பேசிக்கொண்டு வந்தாள். சட்டையில் காகிதக் கொடி குத்திய பிள்ளைகள் வாஞ்சூரில் ஏறியதும் சொன்னாள்:

“என் மூத்த பய குடியரசுல பொறந்தான். இளையவன் பிரெஞ்சு ஆட்சியில பொறந்தான்.”

“ஏன்க்கா, மூத்தவன்தானே மொதல்ல பொறந்திருக்கணும்?”

“அவன்தான் மொதல்ல. தலைப்பிரசவத்துக்கு நாகூர்ல அம்மா வீட்டுக்குப் போனேன். அங்க அப்பத்தான் குடியரசு வந்துருந்துச்சு. ரெண்டாவதுக்கு யாரு வந்து கூப்புடுறா? பட்டினத்துலயே பெத்தேன். இங்க அப்பவும் பிரெஞ்சுக் கொடிதான்.”

“அதனால இப்ப என்ன?”

“இளையவனுக்கு இந்தத் தடவைதான் ஓட்டு வந்துருக்கு. ‘பிரெஞ்சுக்காரனுக்கு இங்க ஏதுடா ஓட்டு’ன்னு மூத்தவன் சீண்டிக்கிட்டே இருக்கான்.”

“சரி, ரெண்டு பேரும் யாருக்குப் போடப் போறாங்களாம்?”

“காலையில சோறு போடுறப்ப கேட்டேன். ‘அதெல்லாம் கேக்கக் கூடாதும்மா, சட்டமே அப்படித்தான்’னு ரெண்டு பயலும் ஒண்ணுபோல சொல்றானுவோ. அதுல மட்டும் ஒத்துமை.”

“பெத்தவகிட்டகூடவா சொல்லக் கூடாது?”

மீன்காரி சிரித்துக்கொண்டே கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு எழுந்தாள். பட்டினம் வந்துவிட்டது.

“நல்லதாப் போச்சு போங்க. அவுங்க அப்பாவும் ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் என்னையக் கேட்டுக்கிட்டேதான் இருக்காரு. நான் சொன்னதே இல்ல. சட்டமே எம்பக்கம்தான்னு இப்பல்ல தெரியுது.”