நான்காவது தட்டு

கீரைக்கு வெயில் வேண்டும் என்பார்கள். வேண்டியதில்லை சார், வெளிச்சம் போதும். எர்ணாவூரில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மதியத்துக்குள் இலைமேல் அனல் மின்நிலையச் சாம்பல் படிந்துவிடும். அதனால் எல்லா ஜன்னலையும் மூடிவிட்டு, முன்னறையில் விளக்குப் போட்டு முளைக்கீரை வளர்த்தேன்.

துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் எலக்ட்ரீஷியன். மனைவி, பிள்ளை கிடையாது. ஓய்வு பெற்றபின் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. நான்கு தட்டு, ஒரே விதை, ஒரே மண், ஒரே அளவு தண்ணீர். விளக்கு மட்டும் வேறு வேறு. முதல் தட்டுக்கு டியூப் லைட். இரண்டாவதற்கு ஊதா எல்இடி, மூன்றாவதற்கு வெள்ளை எல்இடி. நான்காவதற்கு, ராயபுரத்தில் பழைய சாமான் கடையில் வாங்கிய பெரிய சோடியம் விளக்கு. துறைமுகக் கம்பங்களில் மஞ்சளாக எரியுமே, அது. தினம் பன்னிரண்டு மணி நேரம், முப்பது நாள் எரிய வேண்டும். ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதிவந்தேன்.

டியூப் லைட்டில் தண்டு நூலாக நீண்டு சாய்ந்தது. ஊதாவில் இலை தடித்தது, ஆனால் குட்டை. வெள்ளை எல்இடியில்தான் கீரை கீரையாக இருந்தது. சோடியத்தின் சூட்டில் இலை ஓரம் கருகியது.

மாடியில் எத்திராஜ் குடியிருந்தார். ஒரு காலத்தில் கடலுக்குப் போனவர். நுரையீரல் போய்விட்டது, மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின், அவசரத்துக்கு ஒரு சிலிண்டர். மகள் நீலாவுக்கு டோல்கேட் பக்கம் துணிக்கடையில் வேலை. தினமும் காலையில் என் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

"மாமா, நைனா மெஷின் ஓடிகினு கீது. கரண்டு போச்சுன்னா மேல போய் சிலிண்டரைத் தொறந்து வுட்டுடு மாமா. உன்ன நம்பித்தான் போறேன்."

இரண்டு முறை போய்த் திறந்தும் விட்டிருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இருபத்திரண்டாம் நாள், காலை பதினொன்றே முக்காலுக்குக் கீழே என் வீட்டு லைனில் மட்டும் கரண்டு போயிற்று. மாடி லைனில் இருந்தது. அது பழைய வயர். நாலு விளக்கும் மெஷினும் சேர்ந்தால் தாங்காது. இரண்டு வீட்டு ஃப்யூஸும் என் வாசலில்தான். மாடி ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, அந்தக் கரண்டை என் விளக்குகளுக்குக் கொடுத்தேன்.

மேலே போய் சிலிண்டரைத் திறந்திருக்கலாமே என்கிறீர்கள். சோடியம் விளக்கு ஒருமுறை அணைந்தால் மறுபடி பிடிக்கப் பத்து நிமிடம் ஆகும். பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். போகலாம் என்றுதான் இருந்தேன். எத்திராஜ் கைத்தடியால் தரையைத் தட்டினார். முதலில் வேகமாக, பிறகு விட்டு விட்டு. அப்போது மூன்றாவது தட்டை அளந்துகொண்டிருந்தேன். பாதியில் எழுந்தால் அளவு பிசகிவிடும். சத்தம் நின்றதும், தூங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டரைக்குக் கரண்டு வந்தது. ஃப்யூஸை மாட்டினேன். மாடியில் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. சாயங்காலம் நீலா வந்து பார்த்தபோதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. பாடையைத் தூக்க நானும் தோள் கொடுத்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அழைக்க வந்தாள். "கடைசி வரைக்கும் நைனாவ நீதான் மாமா பாத்துக்கின" என்று அழுதாள். தண்ணீர் எடுக்க உள்ளே போய்த் திரும்பினேன். நோட்டு அவள் கையில் இருந்தது. கரண்டு போனதையும், எங்கிருந்து எடுத்தேன் என்பதையும் நிமிடத்தோடு எழுதியிருந்தேன். எழுதாவிட்டால் அது நேர்மையான சோதனை இல்லை.

"இன்னா மாமா இது? எங்க வூட்டு ஃப்யூஸயா புடுங்கின?"

"முக்கா மணி நேரந்தாம்மா" என்றேன்.

அவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

தெரிந்தே செய்தாயா என்று கேட்கிறீர்கள். தெரியும் சார். டியூப் லைட்டும் எல்இடியும் அதிகம் இழுக்காது. சோடியம் ஒன்றை மட்டும் அணைத்திருந்தால் அந்த வயரிலேயே மெஷினும் ஓடியிருக்கும். ஃப்யூஸில் கை வைக்கும்போதே அது எனக்குத் தெரியும். அந்த நான்காவது தட்டில் பன்னிரண்டாம் நாளே கீரை முழுக்கக் கருகிப்போய்விட்டது. வெறும் மண்ணின் மேல்தான் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இருந்தாலும் முப்பது நாள் என்று எழுதிவிட்டேன் அல்லவா. ஒப்புக்கொண்ட வேலையைப் பாதியில் விடுகிற ஆள் நான் இல்லை.