மயிலின் வால்

பசை காயும்வரை சும்மா இருக்கத் தெரியாதவன் மாடல் கார் செய்ய வரக்கூடாது. எனக்குப் பொறுமை அதிகம், ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் அக்காவின் கணவர் ஒரு பழைய காரை வெட்டி, ஒட்டி, நீட்டிச் செய்த கண்காட்சிக் கார்தான் ‘மயில்’. பின்பக்கம் இரண்டு நீண்ட வால் இறக்கைகள். பத்திரிகை அட்டையில் எல்லாம் வந்திருக்கிறது; பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை கட்டி நிற்பார்கள். அதை இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில், கதவுக் கைப்பிடி உட்பட, நான் செய்தேன். ஆறு வருடம் ஆனது.

ஆறு வருடம் ஆனதற்கு நான் காரணமில்லை. நான் கூரையை முடித்தேன். அத்தான் அசலின் கூரையை நான்கு விரல் தாழ்த்தினார். நானும் பிரித்துத் தாழ்த்தினேன். விளக்குகளை வைத்தேன், அவர் விளக்கை மாற்றினார். ஊதாவைப் பதினெட்டுப் பூச்சு பூசினேன். அவர் அதன்மேல் வெள்ளித்தூள் தூவினார். ஒரு நாளாவது முகம் சுளித்திருப்பேனா? அக்காவையே கேட்டுப் பாருங்கள்.

போன மாதம் முடித்து, அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அத்தான் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“அசத்திட்டடா. ஆனா நான் வாலை வெட்டப்போறேனே. கண்காட்சிக்காரங்க புதுசா ஏதாவது கேக்கறாங்க.”

“வேண்டாம் அத்தான்.”

“அட, உன் பொம்மையிலயும் ஒரு வெட்டு வெட்டிக்க. அஞ்சு நிமிஷ வேலை.”

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பொம்மை என்று சொன்னதற்காகச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அவ்வளவு அற்பன் இல்லை. மறுபடியும் போய்ச் சொன்னேன்; காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எதையும் பார்த்துப் பார்த்துச் செய்பவன் நான். என் காரை நான்கு தீப்பெட்டிகள்மேல் நிறுத்தி, முன் இடதுபக்கப் பெட்டியைத் தட்டிவிட்டேன். பதவிசாகச் சாய்ந்தது. வால் எதிலும் படவில்லை. பதினொரு தடவை செய்து பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை, பட்டறையில், நான்கு இரும்பு ஸ்டாண்டுகள்மேல் தூக்கி நிறுத்தியிருந்த மயிலுக்கு அடியில் அத்தான் மல்லாந்து படுத்திருந்தார்.

“வந்துட்டியா? அந்த டார்ச்சை எடு.”

எடுத்துக் கொடுத்தேன். பிறகு முன் இடதுபக்க ஸ்டாண்டை உதைத்துத் தள்ளினேன். அவர் அதிகம் துன்பப்பட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். என் கண் வாலின்மீதே இருந்தது.

ஒரே ஒரு வருத்தம். என் காருக்குள் என்ஜின் கிடையாது. அசலில் என்ஜின் கனம் முன்பக்கத்தை இழுக்க, பின்பக்கம் திரும்பிச் சுவரில் இடித்தது. வலது வால் மடங்கிவிட்டது. அதை யோசிக்காதது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

அக்கா என் முகத்தில் விழிக்கமாட்டேன் என்கிறாளாம். கொஞ்ச நாளில் சரியாகிவிடுவாள். இனிமேல் மயிலின்மீது யாரும் கை வைக்கமாட்டார்கள் என்பது அவளுக்கும் நிம்மதிதானே.

உங்கள் ஆட்கள் டேப் பிடித்து எல்லாவற்றையும் அளந்தார்கள் அல்லவா? வால் எத்தனை மில்லிமீட்டர் மடங்கியிருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். இருபத்தைந்தால் வகுத்து என் காரிலும் மடக்கிவிடுகிறேன். ஐந்து நிமிட வேலைதான்.