சஹனில் நான்காவது கை

நான் மதியச் சாப்பாட்டைத் தனியாகத்தான் சாப்பிடுவேன், இன்ஸ்பெக்டர். அடுத்தவர் மெல்லும் சத்தம் எனக்கு ஆகாது. சிலருக்குப் பல்லி ஆகாது இல்லையா, அதுபோலத்தான். இருந்தும், சாப்பாட்டோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பேசிப் பேசிச் சரிசெய்வதுதான் அடையாறில் பதினோரு வருடமாக என் தொழில்.

ஃபிசா ராயப்பேட்டையிலிருந்து வந்தாள். வயது இருபத்திரண்டு. வயிறு வெடிக்கத் தின்பாள். பிறகு குளியலறைக்குள் போய் எல்லாவற்றையும் கக்குவாள். கேள்வித்தாள் கொடுத்து அவள் குணத்தை அளந்தேன். எதையும் குறையில்லாமல் செய்யத் துடிப்பவள். எதிரில் இருப்பவர் முகத்தைப் படித்துத்தான் தன் மதிப்பைத் தெரிந்துகொள்பவள். ‘இவள் முன் சிகிச்சையாளர் தன் முகபாவத்தில் கவனமாக இருக்க வேண்டும்’ என்று கோப்பில் நானே எழுதினேன்.

அவளுக்கு ஒரே ஆசை.

“அக்கா கல்யாணத்து வலீமா விருந்துல எல்லாரோடயும் சஹன்ல உட்காந்து சாப்பிடணும் மேடம். நடுவுல எழுந்து ஓடக் கூடாது.”

சஹன் என்றால் ஒரே பெரிய தாம்பாளம். சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, நாலு கையும் ஒரே சோற்றை அளையும். கேட்கும்போதே எனக்கு வாயில் எச்சில் புளித்தது.

வியாழக்கிழமைதோறும் அவள் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதுதான் சிகிச்சை. டப்பாவைத் திறந்ததும் டால்டா வாடை. விரலிடுக்கில் மசாலா. உதட்டோரம் ஒரு பருக்கை, அவள் பேசும்போது அதுவும் சேர்ந்து ஆடும். முதல் வாரம் என்னை அறியாமல் முகம் சுளித்துவிட்டேன். அவள் கை நின்றது.

“அசிங்கமா சாப்பிடறேனா மேடம்?”

“சேச்சே, இல்லை” என்றேன்.

டப்பாவை மூடிவிட்டாள். அறை அமைதியானது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த வியாழன் சுளிப்பு தானாக வரவில்லை. நான்தான் வரவழைத்தேன்.

சாப்பிடாதே என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சிகிச்சை அறையில் பதிவான வீடியோக்களைப் போட்டுப் பாருங்கள். கேமரா நோயாளியை மட்டும்தான் பார்க்கும்.

நாலு மாதத்தில் வாந்தி நின்றது. உள்ளே ஏதாவது போனால்தானே வெளியே வர. அவள் அம்மா அஸ்மத்துன்னிசா நெய் ஒழுகும் தம்ரூட் இனிப்பு செய்து எடுத்துவந்தார்.

“அல்லா உங்கள நல்லா வெப்பான் டாக்டரம்மா. பாத்ரூம் பக்கமே போறதில்ல எம் புள்ள. ஆனா எலும்பும் தோலுமா கீது, அதான் பயமா கீது.”

“உடம்பு பழகட்டும்” என்றேன். தம்ரூட்டை, நெய் கையில் படாமல் குப்பையில் போட்டேன்.

என்னோடு வேலைசெய்யும் சித்தார்த்தன் விடவில்லை. “பொண்ணு காத்துல பறக்குது மேடம். ரத்தமாவது டெஸ்ட் பண்ணுங்க” என்றான். பண்ணினேன். பொட்டாசியம் இதயமே நின்றுபோகும் அளவுக்கு இறங்கியிருந்தது. உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் குழாய் வைத்து ஊட்டுவார்கள். நாலு மாத உழைப்பு வீண். அறிக்கையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். வலீமாவுக்கு மூன்று நாள் இருந்தது.

மண்டபத்தில் ஃபிசாவே என் கையைப் பிடித்துத் தன் சஹனில் உட்கார வைத்தாள். “எதிர்ல நீங்க இருந்தா சாப்டுருவேன் மேடம்.”

“இன்னாடி, வாத்தியாரம்மாவ கூட்டினு வந்து பரீட்சை எழுதுறியா? துன்னு” என்று பக்கத்திலிருந்த உறவுக்காரி சகினா கிண்டலடித்தாள்.

ஃபிசா ஒரு கவளம் எடுத்து வாய்வரை கொண்டுபோனாள். என்னைப் பார்த்தாள். சுற்றிலும் அத்தனை வாய்கள் மென்றுகொண்டிருந்தன. அவற்றில் என்னால் நிறுத்த முடிந்த வாய் அது ஒன்றுதான்.

சுளித்தேன்.

கவளத்தைச் சஹனிலேயே வைத்தாள். “சாரி மேடம்” என்று எழுந்தாள். கை கழுவும் இடம்வரைகூடப் போகவில்லை, விழுந்தாள். மூச்சு இல்லை.

மறுநாள் மய்யித்தைப் பார்க்கப் போனேன். குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, வாய் திறக்காதபடி தாடையைக் கட்டியிருந்தார்கள்.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இதையும் எழுதுங்கள்: என்னிடம் வந்தவர்களில் முழுதாகக் குணமானவள் அவள் ஒருத்திதான்.